ஊத முடியாதவர் வேறு, ஊத மறுப்பவர் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

இரவு வாகனச் சோதனையில், மது குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லிப் பார்க்கும் கருவி காற்று போதவில்லை என்று காட்டினால், ஓட்டுநர் ஏமாற்றுகிறார் என்று போலீசார் நினைப்பது வழக்கம். சிஓபிடி எனும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய், கடும் ஆஸ்துமா, காசநோய் விட்டுச்சென்ற தழும்பு உள்ளவர்களிடம் அந்தக் கணக்கு தப்பிவிடும்.

நுரையீரலின் ஆழத்துக் காற்று வந்தால்தான் அளவு சரியாக இருக்கும். அதற்காகப் பல கருவிகள் இடைவிடாமல் 1 முதல் 1.5 லிட்டர் காற்று கேட்கின்றன. நடுவில் இருமினாலோ வேகம் குறைந்தாலோ சோதனை ரத்தாகிவிடும். உடனே "இன்னும் வேகமா ஊதுய்யா" என்று அதட்டுவார்கள். சிஓபிடி நோயாளி முக்கி ஊதினால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, தளர்ந்த சிறு மூச்சுக்குழல்கள் நசுங்கிவிடும், வெளிவரும் காற்று அதிகமாகாது. அவரை உட்காரவைத்து, இரண்டு நிமிடம் ஆசுவாசப்படுத்தி, மெதுவாக முழு மூச்சு இழுத்து, உதடு இறுக்கி, நிதானமாக நீளமாக ஊதச் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு புதுக் குழல் கட்டாயம்.

இன்ஹேலர் தேவைப்பட்டால் தடுக்கக் கூடாது. ஆனால் சில ஸ்பிரே வகைகளில் சிறிது எத்தனால் உண்டு. அடித்த கையோடு ஊதினால், குடிக்காதவருக்கும் கருவி மது இருப்பதாக எண் காட்டும். 15 முதல் 20 நிமிடம் பொறுத்தால் வாயில் தங்கியது போய்விடும். கேப்ஸ்யூல் பவுடர் வகையில் இந்தத் தொல்லை இல்லை.

அப்படியும் முடியாவிட்டால்? மோட்டார் வாகனச் சட்டம் 204-ஆவது பிரிவு ரத்தப் பரிசோதனைக்கு வழிவிடுகிறது, ஆனால் கைதான பிறகுதான். குடிக்காத நோயாளி அதை நிரூபிக்கக் கைதாக வேண்டும் என்பது அபத்தம். பல கருவிகளில் பொத்தானை அழுத்தி, வரும் கொஞ்சக் காற்றையே எடுத்துப் பார்க்கும் வசதி உண்டு. மது இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் அதில் தெரியும். அளவை நம்ப முடியாது. இல்லை என்று வந்து, வேறு சந்தேகமும் இல்லையென்றால் அனுப்பிவிடலாம். இருக்கிறது என்றால் ரத்தம் எடுக்கட்டும். நோயைச் சாக்காகச் சொல்பவரும் அங்கே சிக்குவார். தகுந்த காரணமின்றி மறுத்தாலோ தவறினாலோதான் 205-ஆவது பிரிவின்படி அது அவருக்கு எதிராகக் கொள்ளப்படலாம். எனவே மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை அறிக்கையின் நகலை நோயாளிகள் உரிமத்தோடு வைத்துக்கொள்வது நல்லது.

ஓட்டுநருக்கான மது வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. மட்டுமே. எனவே ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்காமல், ஆல்கஹால் கலக்காத கிருமிநாசினியால் துடைத்து, சோடியம் ஃபுளோரைடு உள்ள சாம்பல் நிற மூடிக் குழாயில் ரத்தத்தைச் சேகரிக்க வேண்டும். கைதான 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் அவரை விடுவிக்க வேண்டும் என்கிறது 202-ஆவது பிரிவு.

நெஞ்சக நோய் மருத்துவர்,
மதுரை