சிஸ்டர், முடிவைப் பாதிதான் சொன்னீர்கள்

என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து என் பெரியவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இதை எழுதும்போது பக்கத்து அறையில் தங்கையோடு ரிமோட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், அதட்ட மனம் வரவில்லை.

அவளுக்காகத் தானமாக எடுத்த பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) 5 நாளுக்கு மேல் தாங்காது என்பதால் உங்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், ஒருவர்கூட "மறுபடியுமா" என்று கேட்கவில்லை. கொடுத்தவர்கள், சின்னவளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள், என் வேலையையும் சேர்த்துச் செய்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. இனி யாருக்குப் பிளேட்லெட் வேண்டுமென்றாலும் நடுராத்திரியானாலும் என்னைக் கூப்பிடுங்கள், வருவேன்.

ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது அந்த இரவு டியூட்டி சிஸ்டருக்காக.

சிஸ்டர், மஜ்ஜை மாற்றுவதற்கு முந்தின வாரம் அது. தூக்கம் வராமல் ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு போனில் 'மை சிஸ்டர்ஸ் கீப்பர்' பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தப் புற்றுநோய் வந்த அக்கா, அவளுக்குக் கொடுப்பதற்கென்றே பெற்ற தங்கை. நான் இருந்த நிலைமையில் பார்க்கிற படமா அது? அப்பா அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து கடற்கரைக்குக் கூட்டிப்போகிற இடத்தில் நிறுத்திவிட்டேன், அதற்கு மேல் முடியவில்லை. டிரிப் மாற்ற வந்த நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். "மிச்சத்தைப் பார்க்காதீங்கம்மா. நான் கதையைப் படிச்சிருக்கேன், அக்கா பிழைச்சுக்குவா" என்றீர்கள். வாட்சைப் பார்த்து சொட்டை எண்ணினீர்கள், என் கையிலிருந்த போனை வாங்கி சார்ஜில் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

டாக்டர்கள் சதவீதமாகச் சொன்ன எதுவும் எனக்கு மனதில் நிற்கவில்லை. யாரோ எழுதிய கதையில் ஒரு பெண் பிழைத்தாள் என்பது நின்றது. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம், அதைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை நாளையும் ஓட்டினேன்.

போன வாரம் தைரியம் வந்து மிச்சப் படத்தையும் பார்த்தேன். அக்கா இறந்துவிடுகிறாள். விடவே மாட்டேன் என்று மல்லுக்கட்டிய அம்மா பக்கத்திலேயே இருக்க, தூங்கியபடியே போய்விடுகிறாள். பொய்யா சொன்னீர்கள் என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. அப்புறம்தான் தேடினேன். 2004-இல் வந்த ஜோடி பீக்கோவின் நாவலில் அக்கா பிழைக்கத்தான் செய்கிறாள், 2009-இல் படமாக்கியபோது முடிவை மாற்றியிருக்கிறார்கள். நாவலில் போவது தங்கை. தன் உடம்பு தனக்கே என்று வழக்காடி ஜெயித்த அன்றைக்கே சாலை விபத்து, அவளுடைய சிறுநீரகம் அக்காவுக்கு.

அதைப் படித்ததும் எழுந்துபோய்ச் சின்னவளைப் பார்த்துவிட்டு வந்தேன். மறுவாரம் மஜ்ஜை கொடுக்கப்போகிறவள் அவள்தான் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பாதியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டீர்கள், இல்லையா?

நேற்று சின்னவள் வந்து கேட்டாள், அன்றைக்கு அழுதுகொண்டே பார்த்தியே, அந்தப் படம் எப்படித்தான் முடியுது என்று.

அக்கா பிழைச்சுக்குவா என்றேன்.