எந்தப் பதிப்பு என்றும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த 'வாங்க வேண்டிய நூல்கள்' பட்டியலைப் பார்த்தேன். தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நூலின் பெயர், ஆசிரியர் பெயர் என்று அதோடு முடித்துவிட்டீர்கள். யார் போட்ட பதிப்பு என்று ஒரு வரி இல்லை. அச்சகத்தில் புரூஃப் பார்த்தே காலம் தள்ளியவன் நான். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

புது நாவல் என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பாரதி, கல்கி, புதுமைப்பித்தன் விஷயம் அப்படியா? பாரதி எழுத்துகளின் உரிமையை 1949-ல் ஓமந்தூரார் ஆட்சியில் அரசே வாங்கியது. அதன்பின் எத்தனையோ பேருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன. ஆகாவிட்டாலும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் யாரும் அச்சிடலாம். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் யாரும் அச்சிடலாம் என்றால் எப்படியும் அச்சிடலாம் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள்.

'பொன்னியின் செல்வன்' ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அரங்குக்கு அரங்கு ஒரு விலை. மலிவாக இருப்பதை எடுக்கத்தான் கை போகும். எடுக்கும் முன் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். முதல் பக்கம் உதவாது. முதல் பாரத்தை (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் முதல் சில பக்கங்களை) எந்த அச்சகத்திலும் கொஞ்சம் பயந்துதான் பார்ப்பார்கள். பழைய பிரதியை ஸ்கேன் செய்து கணினியை விட்டே எழுத்தை எடுத்து, ஆள் வைத்துத் திருத்தாமல் விட்டால், துணைக்காலும் ரகரமும் இடம் மாறிக்கொள்ளும். 'காலம்' 'கரலம்' ஆகிவிடும், 'மரம்' 'மாம்' ஆகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போய் 'பட்டம்' 'படடம்' என்று நிற்கும். ஒரு பக்கத்தில் இப்படி இரண்டு கிடைத்தால், இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டும் நாவலில் எத்தனை இருக்கும்?

அடுத்து, பதிப்பு விவரம் போடும் உரிமைப் பக்கம். கல்கி 1954-ல் காலமானார். அவர் நாவலில் 'முதல் பதிப்பு: 2022' என்று மட்டும் போட்டிருந்தால் எந்தப் பிரதியை வைத்து அச்சுக் கோத்தார்கள் என்பதற்குத் துப்பே இல்லை. ஐந்தாம் பாகத்தின் கடைசியையும் திருப்பிப் பார்ப்பது நல்லது. கதை முடிந்தபின் கல்கி ஒரு முடிவுரை எழுதியிருக்கிறார். பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டதற்கெல்லாம் அதில் பதில் சொல்கிறார். என் பேத்தி வாங்கி வந்த மலிவுப் பதிப்பில் அதைக் காணோம். "வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் ஆச்சா இல்லையா தாத்தா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

புதுமைப்பித்தனுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்துக் காலச்சுவடு 2000-ல் கொண்டுவந்த செம்பதிப்பு, அதாவது பழைய பிரதிகளை ஒப்பிட்டுத் திருத்தமாகப் போட்ட பதிப்பு, இருக்கிறது. எந்தக் கதை எந்தப் பத்திரிகையில் எப்போது வந்தது, கதையின் வாசகம் எங்கே மாறியது என்றெல்லாம் குறித்திருப்பார். என் போன்றவர்களுக்கு அது விருந்து. எல்லாரும் அதையே வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை படித்துவிட்டு வைத்துவிடுகிறவருக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலேயே நாட்டுடைமை நூல்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றிவைக்க 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டமும் இருக்கிறது (பெயரில்தான் எங்கள் ஊர்; உழைப்பவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள்). காசு கொடுத்து வாங்குவதென்றால், கணினியில் சும்மா கிடைப்பதைவிட ஒரு படியாவது மேலாக இருக்க வேண்டாமா? தடித்த புத்தகத்துக்கு முதுகில் நூல் தையல் இருக்கிறதா, வெறும் பசைதானா என்றும் பார்க்க வேண்டும். பசை மட்டும் என்றால் இரண்டாவது ஆள் படிக்கும்போதே தாள் கையோடு வந்துவிடும்.

பதிப்பகத்தின் பெயரைப் போட்டால் விளம்பரமாகிவிடும் என்று தாங்கள் தயங்கியிருக்கலாம். சினிமா விமர்சனத்தில் தயாரிப்பாளர் பெயரைப் போடத்தானே செய்கிறீர்கள்? அடுத்த பட்டியலில் பதிப்பகம், பதிப்பாண்டு, பக்கம், விலை நான்கையும் சேர்த்துப் போடுங்கள்.

திருவிழா நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பல அரங்குகளில் பெரிய தொகுதிகளைப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிவைத்திருக்கிறார்கள். உள்ளே பார்க்கலாமா என்றால், "பிரிச்சா வாங்கணும் சார்" என்கிறான் விற்பனைக்கு நிற்கும் பையன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. முதலாளி சொன்னதைச் சொல்கிறான். ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியையாவது பிரித்துவைக்க வேண்டும் என்று அரங்கு ஒதுக்கும்போதே நிபந்தனை போடலாம். 10 சதவீதத் தள்ளுபடியைவிட எனக்கு அதுதான் பெரிசு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் ரீடர்,
செல்லூர், மதுரை.