இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இரண்டாம் தவணை முடிகிறது. சோளகக் காற்று கிரவல் வீதித் தூசியையெல்லாம் அள்ளி வந்து வகுப்பறையில் கொட்டிக்கொண்டிருந்தாலும், தவணை நல்லபடியாகவே போனது. தமிழ்மொழித் தினப் போட்டியில் கோட்ட மட்டத்தில் நம் பிள்ளைகள் சில இடங்களைப் பெற்றார்கள். விளையாட்டில் வலயம் வரை போய் வந்தோம். ஐந்தாம் தரப் பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராக இருக்கிறார்கள், அவர்களை விடப் பெற்றோர் தயாராக இருக்கிறார்கள். கிணறு இறைத்தாயிற்று. வளவில் நுளம்பு பெருகும் சிரட்டைகளை அகற்றியாயிற்று. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மறுநாள் பாதிக் கதிரைகள் காலியாகக் கிடந்தன. அம்மாளிடம் போய் வந்தவர்களிடம் நான் என்ன கேட்பது? எல்லோருக்கும் பாராட்டுகள்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டாம் தரத்துக்குச் செயன்முறைத் தொழினுட்பத் திறன் பாடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தோம். வீட்டில் கழித்துப் போட்ட சேர்ட் ஒன்றை எடுத்து, கையால் தைத்து, புத்தகம் கொண்டுவரக்கூடிய ஒரு பை செய்ய வேண்டும். கழன்ற தெறி (பொத்தான்) இரண்டைத் திரும்பத் தைத்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். அதற்கு இரண்டு கிழமை அவகாசமும் கொடுத்தோம்.

பைகள் வந்தன. மிக அழகான பைகள். உட்பக்க விளிம்பெல்லாம் நூல் பிரியாதபடி மெசினில் ஓவர்லொக் அடித்திருந்தது. ஊரில் எந்த வீட்டில் ஓவர்லொக் மெசின் இருக்கிறது என்று பாட ஆசிரியை யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரே நீல நாடாவில் பிடி வைத்த பைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேசைக்கு வந்தன. சில பைகளில் பழைய சேர்ட்டே இல்லை, கடையில் வெட்டி வாங்கிய புதுத் துணி. கடைசியில் ஒரு பைக்குள் இருந்து ஒரு துண்டுக் கடதாசி விழுந்தது. அதில் இப்படி எழுதியிருந்தது: "செவ்வாய் பின்னேரம். 4 பை. அவசரம்."

ஆசிரியர் அறையில் நாங்கள் சிரித்தோம் என்பதை மறைக்கவில்லை. சந்தியில் இருந்து பைகளைத் தைத்துக் கொடுத்த அந்த ரெயிலரின் கைத்திறனுக்குப் புள்ளி போடச் சொன்னால் நானே முழுப் புள்ளி போட்டிருப்பேன்.

ஆனால் அன்று பாடசாலை விட்ட பிறகு நடந்த ஒன்றுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பொடியன் பையை ஒப்படைக்காமலேயே வீட்டுக்குப் போகப் பார்த்தான். கூப்பிட்டுக் கேட்டேன். செய்யவில்லை என்றான். புத்தகப் பையின் அடியில் அது சுருண்டு கிடந்தது, எட்டிப் பார்த்தாலே தெரிந்தது. அப்பாவின் பழைய கோடன் சேர்ட். தையல் கோணல்மாணலாகப் போயிருந்தது. ஒரு மூலையில் நூல் முடிச்சுப் போட்டு, அவிழ்ந்து, அதன் மேல் இன்னொரு முடிச்சு. சேர்ட்டின் மேற்பொக்கற்றை அப்படியே விட்டு, அதைப் பேனை வைக்கும் இடமாக்கியிருந்தான். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாருடையதும் வடிவாக இருக்குது சேர், என்னுடையதைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்றான்.

வகுப்புப் பைகளிலேயே உண்மையாகத் தைத்த பை அது. அதைத்தான் அவன் ஒளித்தான். இந்தக் கடிதம் எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் நிலை எனக்குத் தெரியும். சிறுபோக வேலையில் இருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். விடிய முதல் பஸ் ஏறி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற அம்மாமார் பலர் இருக்கிறீர்கள். அப்படியான ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "சேர், நான் நாள் முழுக்கத் தைக்கிறேன். ஆனால் கை மட்டும்தான் பொருத்துகிறேன். முழுச் சேர்ட் தைக்கச் சொன்னால் எனக்கும் தெரியாது." நாள் முழுக்க இலக்குக்குத் தைத்துவிட்டு வருகிற கை, வீட்டில் ஊசியைத் தொட விரும்பாது என்பதும் விளங்குகிறது. பிள்ளைக்குப் புள்ளி குறையக்கூடாது என்ற பயமும் உங்களுக்கு உண்டு. சந்தியில் சில நூறு ரூபாயோடு வேலை முடிகிறது என்றால் யாருக்குத்தான் மனம் போகாது?

இருந்தாலும் என் கதையைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். 1996இல் போரால் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது எனக்கு 14 வயது. அக்கராயன் பக்கம் மரத்தடியில் வகுப்பு. காலையில் எங்கள் பாடசாலை, பின்னேரம் வேறொரு பாடசாலை, இரண்டுக்கும் அதே மரம்தான். என்னிடம் இருந்தது இரண்டு வெள்ளைச் சேர்ட். ஒன்றைத் தோய்த்துக் காயப்போட்டால் மற்றதைப் போட வேண்டும், மழை பெய்தால் ஈரத்தோடு போட வேண்டும். புத்தகப் பை நிவாரண அரிசி வந்த சாக்கில் தைத்தது. தோள் வாரை அந்தச் சாக்கு நூலாலேயே பின்னியிருந்தோம்.

எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சர் ஒருவர் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்வார். கிழிந்தது எது இருந்தாலும் கொண்டு வா என்பார். பொடியங்கள் நாங்கள் நெளிந்தோம். "காயத்துக்குத் தையல் போடுகிற டொக்டர் ஆம்பிளையா பொம்பிளையா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் ஊசியை வாங்கினோம். நூலை எவ்வளவு நீளத்துக்கு எடுக்க வேண்டும் என்பதைத்தான் அவர் முதலில் சொல்லித் தந்தார்: விரல் நுனியிலிருந்து முழங்கை தாண்டிக் கொஞ்சம், அதற்கு மேல் எடுத்தால் சிக்கும். தெறி தைக்கும்போது துணிக்கும் தெறிக்கும் நடுவில் ஒரு நெருப்புக்குச்சியை வைத்துத் தைக்க வேண்டும். பிறகு குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். அப்படித் தைத்த தெறி சேர்ட் கந்தலான பிறகும் கழராது. நெருப்புக்குச்சிக்கும் அப்போது தட்டுப்பாடு, அதனால் ஒரே குச்சி வகுப்பு முழுக்கச் சுற்றி வந்தது.

வீட்டில் அம்மா ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் கொலர் திருப்புவார். இளைய பெற்றோர் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சேர்ட்டில் முதலில் தேய்வது கொலரின் மடிப்பு. மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருக்கும். கொலரை மட்டும் தையல் பிரித்து எடுத்து, புரட்டி, தேய்ந்த பக்கம் உள்ளே போகும்படி திரும்பப் பொருத்தினால் சேர்ட்டுக்கு இன்னும் ஒரு வருட ஆயுள் உண்டு. அந்த வெளிச்சத்தில் வெள்ளை நூலை வெள்ளைத் துணியில் எப்படிக் கண்டார் என்பது இன்றைக்கும் எனக்குப் புதிர்.

2002இல் போர்நிறுத்தத்தோடு யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்த பிறகு ஆயத்த உடுப்பு சந்திகளில் குவிந்தது. நானும் ஆசையோடு வாங்கினேன், அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 2009இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தபோது கை மறுபடி ஊசியைத் தேடியது. ஒரே ஊசி பத்துக் கூடாரம் சுற்றி வரும். திரும்பி வரும்போது ஊசிக் காதில் கொஞ்சம் நூல் கோத்திருந்தால், கடைசியாக வாங்கினவர்கள் நல்ல மனுசர் என்று எடுத்துக்கொள்வோம்.

இதையெல்லாம் பழைய கஷ்டத்தைப் பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கஷ்டம் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். இன்றைக்கு நடக்கிற ஒன்றுக்காகச் சொல்கிறேன். திங்கட்கிழமை வராத பிள்ளையை விசாரித்தால், களிசான் பின்பக்கம் கிழிந்துவிட்டது சேர் என்ற பதில் வருகிறது. சட்டையின் சிப் போய்விட்டது என்று இரண்டு நாள் வராத பிள்ளையும் உண்டு. ஐந்து நிமிடத் தையலுக்கு ஒரு நாள் பாடம் போகிறது. எட்டாம் தரத்துப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை இரவு தானே அதைத் தைத்துக்கொள்ள முடியும்.

சீருடைத் துணியை அரசாங்கம் 1993 முதல் இலவசமாகத் தருகிறது. இடையில் சில வருடங்கள் துணிக்குப் பதில் வவுச்சர் வந்தது. 2025க்கான துணி முழுவதும் சீனாவின் நன்கொடை. துணி எங்கிருந்து வந்தாலும் தையற்கூலி உங்கள் பொக்கற்றிலிருந்துதான் போகிறது, பிள்ளையும் ஆறு மாதத்தில் வளர்ந்துவிடுகிறது. அதனால் ஒன்று சொல்கிறேன். துணியை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காய வையுங்கள். இல்லாவிட்டால் முதல் தோய்ப்பிலேயே சுருங்கும். சட்டையின் கரையில் மூன்று அங்குலம் மடிப்பு விடச் சொல்லுங்கள். வருடா வருடம் ஒவ்வொரு அங்குலமாக இறக்கலாம். பழைய மடிப்புக் கோடு தெரிகிறதே என்று வெட்கப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தப் பாடசாலையில் அந்தக் கோட்டைப் பார்த்து எந்த ஆசிரியரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சொன்னால் என்னிடம் வாருங்கள். அக்காவின் சட்டை தங்கைக்கு வருவதும், ஒட்டுப்போட்ட களிசானும் இங்கே குற்றமில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றார்கள் பெரியவர்கள். தைத்துக் கட்டு என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டது, அதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைத்ததால் இருக்கலாம்.

ஆண் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் நேரிலும் தொலைபேசியிலும் என்னிடம் கேட்டீர்கள்: பொடியனைப் படிக்க அனுப்பினால் ஊசி நூல் கொடுக்கிறீர்களே? மரியாதையோடு ஒரு பதில். இந்தப் பாடம் ஆண், பெண் இருபாலாருக்கும் உரியது, நாங்களாகச் சேர்த்ததல்ல. அப்புறம், அந்தப் பைகளைத் தைத்துக் கொடுத்த ரெயிலர் அண்ணையும் ஓர் ஆண்தான். அவரிடம் காசு கொடுத்தபோது இந்தக் கேள்வி வரவில்லையே.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பெயரில் இன்னொருவர் செய்த வேலையை ஒப்படைப்பது பரீட்சையில் பார்த்து எழுதுவது போன்றதுதான். துணி என்றதால் அது சிறியதாகிவிடாது. மூன்றாம் தவணையில் தையல் வேலைகள் எல்லாம் வகுப்பறையிலேயே நடக்கும். வீட்டிலிருந்து முடித்துக் கொண்டுவரும் பொருளுக்குப் புள்ளி இல்லை. புதுத் துணி வாங்கி அனுப்பினால் திருப்பி அனுப்புவோம். இந்தத் தவணைப் பைகளுக்கு யாரையும் தண்டிக்கப் போவதில்லை. எட்டாம் தரப் பிள்ளைகள் எல்லோரும் மூன்றாம் தவணை தொடங்கும் முதல் கிழமையில் வகுப்பில் உட்கார்ந்து ஒரு தெறியும் ஒரு கரை மடிப்பும் தைத்துக் காட்ட வேண்டும். அதற்குத்தான் புள்ளி. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. கோணல் தையலுக்குப் புள்ளி குறைக்கமாட்டோம் என்று பாட ஆசிரியை எனக்கு வாக்குத் தந்திருக்கிறார்.

பிள்ளையோடு ஒன்று மட்டும் அனுப்புங்கள்: தோய்த்துக் காய்ந்த ஒரு பழைய கோடன் உடுப்பு. எதுவானாலும் சரி. ஒரு சேலை முதலில் ஏணையாகி, பிறகு தலையணை உறையாகி, அடுப்படியில் பிடிதுணியாகி, கடைசியில் வாசலில் கால் துடைக்கக் கிடக்கிற வீடுகள்தான் நம்முடையவை. அதில் எந்தக் கட்டத்தில் இருப்பதானாலும் அனுப்பலாம், கடைசிக் கட்டத்தைத் தவிர. ஊசியும் நூலும் பாடசாலையே தரும். பழைய துணி இல்லாதவர்களுக்காக என் அறை வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். அதிலிருந்து எடுக்கப் பெயர் எழுத வேண்டியதில்லை. வீட்டில் மிச்சமாகக் கிடப்பதை அதில் போடவும் பெயர் எழுத வேண்டியதில்லை.

பாடசாலையில் இருக்கும், காலால் மிதிக்கும் தையல் மெசின்கள் நான்கில் ஒன்றுக்கு வார் அறுந்து ஒரு வருடமாகிறது, இன்னொன்றில் பொபின் சுற்றவே மாட்டேன் என்கிறது. பழுது பார்க்கத் தெரிந்த பெற்றோர் யாராவது ஒரு சனிக்கிழமை வந்தால் பெரிய உதவி. தேத்தண்ணியும் வடையும் என் பொறுப்பு. பழைய தையல் முறைகள் தெரிந்த அம்மம்மா, அப்பம்மா யாருக்காவது ஒரு பாடவேளை வந்து பிள்ளைகளோடு இருக்க முடியுமானால், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தத் தவணையில் கிணறு இறைக்க வந்தவர்களுக்கும், மதிய உணவுக்கு விறகு கொண்டுவந்து போட்டவர்களுக்கும், இவ்வளவு நீளக் கடிதத்தை இதுவரை வாசித்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. விடுமுறையில் பிள்ளைகளைக் குளத்தில் தனியே குளிக்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
அதிபர்

பி.கு.: நீல நாடாப் பிடி வைத்த பைகளில் இரண்டை எவரும் எடுத்துச் செல்லாமல் அலுவலகத்தில் விட்டிருக்கிறார்கள். ஒன்றுக்குள் ரெயிலரின் சீட்டும் இருக்கிறது. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம், நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.