டயர் இடம் மாறினால் சென்சாரையும் மறுபதிவு செய்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்களின் முன், பின் டயர்களை இடம் மாற்றிப் பூட்டிய பிறகு, காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் சென்சார்கள் இப்போது எந்தச் சக்கரத்தில் உள்ளன என்பதைக் காரின் கணினியில் மறுபதிவு செய்யாமலே சில டயர் கடைகளில் வண்டியை ஒப்படைத்துவிடுகிறார்கள். சக்கரத்துக்குள் பொருத்தப்படும் ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு; புதிய இடத்தைத் தானே கண்டறியும் வசதி இல்லாத கார்களில், பின் இடது டயரில் காற்று இறங்கினாலும் திரை முன் இடது டயரையே காட்டும். நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் ஒருவர் நல்ல டயருக்குக் காற்றடித்துவிட்டு, குறையுள்ள டயரோடு மீண்டும் வேகமெடுப்பதை எண்ணவே அச்சமாக இருக்கிறது.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வழியாகச் சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுக் காற்றிறக்கத்தை உணரும் கார்களில், டயர் சூடு தணிந்திருக்கும்போது நிறுவனம் குறிப்பிட்ட அளவுக்குக் காற்றை நிரப்பிய பிறகே ரீசெட் செய்ய வேண்டும். இல்லையேல் குறைந்த காற்றையே சரியான அளவாக அந்த அமைப்பு ஏற்றுக்கொள்ளும்.

டியூப்லெஸ் டயர், காற்றழுத்தக் கண்காணிப்பு அமைப்பு, பஞ்சர் சரிசெய்யும் கருவி ஆகியவை இருந்தால் உதிரி டயர் கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. அத்தகைய கார்களில் செல்வோருக்கு காற்று இறங்கியதைக் காட்டும் எச்சரிக்கை விளக்கே பெரும் துணை என்பதால், மறுபதிவு செய்த விவரத்தைக் கடைக்காரர்கள் ரசீதிலேயே எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
கார் உரிமையாளர் ஒருவர், திருச்சி