மூட்டையின் மேல் அச்சிட வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காகித ஆலைக் கழிவில் தயாரித்த மக்கிய உரம் என்று சொல்லி விற்றார்கள் என்று, தை மாதம் குரோம்பேட்டையில் 2 மூட்டை வாங்கி, ஒன்றைப் பிரித்து மாடித்தோட்டத்தில் போட்டேன். மூன்றே வாரத்தில் கத்தரிச் செடிகளின் அடியிலைகள் மஞ்சளாகிவிட்டன. ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் நார் நாராக இருந்தது; விரலில் உருட்டினால் ஊறிய செய்தித்தாள் போலத் திரண்டது.

உரம் மக்கவே இல்லை. காகிதக் கூழ்க் கசடில் கரிமச்சத்து (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) சொற்பம். அரைகுறையாக மக்கியதைப் போட்டால், நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை, நகரக் கழிவு உரத்தில் கரிம–தழைச்சத்து விகிதம் 20-க்குள் இருக்க வேண்டும் என்கிறது. கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறது. நான் வாங்கிய மூட்டையிலோ தழை, மணி, சாம்பல் சத்து அளவு மட்டும்தான்.

எந்த ஆலைக் கசடு என்பதும் முக்கியம். கரும்புச் சக்கையில் தாள் செய்யும்போது வரும் கசடும், பழைய தாளின் மையை நீக்கும்போது வரும் கசடும் ஒன்றல்ல. மையோடு வரும் உலோகங்களைச் சோதிக்காமல் கீரைத் தொட்டியில் எப்படிப் போடுவது? தாளில் சேர்க்கும் சுண்ணாம்பும் கசடில் தங்கும். எங்கள் பகுதி போர் தண்ணீரே உப்பு, அதோடு இதுவும் சேர்ந்தால் வேர் தாங்காது.

கழிவை உரமாக்குவதை நான் எதிர்க்கவில்லை. குப்பைமேட்டுக்குப் போவது மண்ணுக்கு வருகிறதே, நல்லதுதான். பிரிக்காத இன்னொரு மூட்டையைச் சாணக் கரைசலில் நனைத்து, வாரம் ஒருமுறை கிளறி, ஐந்து மாதம் வைத்தேன். அதற்கு முன்பே, உரம் ஊறிய நீரில் 20 வெந்தயம் போட்டதில் 7 தான் முளைத்தன, அவற்றின் வேர்நுனியும் கருகியிருந்தது. ஐந்து மாதம் கழித்துப் போட்டதில் 17 முளைத்தன. ஆடிப்பட்டத்துக்கு அதைத்தான் போட்டேன், வெண்டை இப்போது காய்க்கிறது.

கடையில் நின்று கேட்டால் "நல்லா மக்கினது சார்" என்கிறார்கள். எந்தக் கசடு, மக்க வைத்த நாட்கள், கரிம–தழைச்சத்து விகிதம், உப்பின் அளவு, உலோகச் சோதனை முடிவு, இவ்வளவையும் மூட்டையிலேயே தமிழில் அச்சிட வேளாண் துறை கட்டாயப்படுத்த வேண்டும். தங்கள் இதழ் இதைத் துறையின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை.