மத்தியானம் நின்றுபோகும் ஏர்கான்

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி போனை வைத்ததிலிருந்து எனக்கு உன் ஏர்கான் நினைப்புதான். காலையில் நன்றாகக் குளிர்கிறது, மத்தியானம் இரண்டு மணிக்கு வெளிப்பெட்டி நின்று உள்ளே வெறும் காற்று மட்டும் வருகிறது, அரை மணி கழித்துத் தானாகவே ஓடுகிறது என்றாயே, அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். வெளிப்பெட்டியில் கேஸை அழுத்துகிற கம்ப்ரசர் சூடேறியதும் பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்துகிறது, ஆறினால் விட்டுவிடுகிறது. கேஸ் போட ஆளை வரச் சொல்லிவிட்டேன் என்றாய் பார், அதை முதலில் நிறுத்து.

போன வருஷம் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா சமயத்தில் நம் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது, சொன்னால் நீ அம்மாவைக் கிண்டல் பண்ணுவாய் என்று மறைத்துவிட்டோம். அப்போதும் இதே கதைதான். நான் வோல்டேஜ் என்று நினைத்து ரெகுலேட்டரையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு மெக்கானிக் காலை எட்டு மணிக்கு வந்தார், அளவு கருவி எதையும் மாட்டவில்லை, குழாயைத் தொட்டுப் பார்த்து கேஸ் குறைவு என்றார், ஏற்றினார், காசை வாங்கிக்கொண்டு போனார். அன்று மத்தியானம் பத்தே நிமிஷத்தில் நின்றது! பால்கனிக் கம்பிக்குள்ளே தலையை விட்டு வெளிப்பெட்டிக்கு முன்னால் கையை நீட்டினேன், பஸ் என்ஜின் பக்கத்தில் வைத்த மாதிரி சுட்டது. தெருப் பையன்கள் பீய்ச்சுகிற தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அம்மா கட்டிய தார்ப்பாய் அங்கேயே தொங்கியது. பெட்டி துப்பின சூட்டுக் காற்று தார்ப்பாயில் முட்டித் திரும்பி அதே பெட்டிக்குள் போயிருக்கிறது. அவிழ்த்தேன், கூடுதலாக ஏற்றின கேஸை வேறொருவரை வைத்து எடுத்தேன், சரியாகிவிட்டது.

ஏர்கான் குளிரை உண்டாக்குவதில்லை, ரூமில் இருக்கிற சூட்டை வெளியே இறைக்கிறது. வெளியே காற்றே கொதித்தால், அதுவும் உன் மண்டலேயில், சூட்டைத் தள்ள இடம் இருக்காது, கேஸ் அழுத்தம் ஏறும், நின்றுவிடும். 2024 ஏப்ரலில் சௌக் ஊரில் 48.2 டிகிரி போனதே! அங்கே ஏர்கான்கள் என்ன பாடுபட்டிருக்கும். கேஸ் கம்மியானாலும் கம்ப்ரசர் சூடாகும்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அப்படியென்றால் காலையிலேயே குளிர் குறைந்திருக்கும்.

ஆகவே நீ செய்ய வேண்டியது, மத்தியானம் இரண்டு மணிக்கு வெளிப்பெட்டிப் பக்கத்தில் நின்று பார். பெட்டியின் விசிறி முதலில் மெதுவாகி நிற்கிறதா, இல்லை விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும்போது கம்ப்ரசர் உறுமல் மட்டும் அடங்குகிறதா? விசிறி என்றால் அதைச் சுற்றவிடுகிற கெபாசிட்டர் அல்லது மோட்டார், வெயிலில்தான் அவை கையை விரிக்கும். கெபாசிட்டரை நீ தொடாதே, லைனை அணைத்தாலும் அதில் கரண்ட் தங்கியிருக்கும். கம்ப்ரசர் மட்டும் என்றால் வோல்டேஜோ புழுதியோ காரணமாக இருக்கலாம். அந்த நேரம் வோல்டேஜையும் பார், 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் கம்ப்ரசர் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகிவிடும்.

பெட்டியின் பின்பக்கத் தகடுகளையும் பார். உங்கள் ஊர்ப் புழுதி கம்பளி மாதிரி படிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மாப்பிள்ளையை மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல், பைக் கழுவுகிற அந்த வேகத்தில் அடித்தால் தகடெல்லாம் மடங்கிவிடும். முக்கால்வாசி இதிலேயே சரியாகும் என்பது என் கணக்கு.

அதற்கும் அடங்காவிட்டால் ஆளைக் கூப்பிடு, ஆனால் மத்தியானம் வரச் சொல், அழுத்தம் அளக்கிற கேஜ் மாட்டாமல் கேஸ் பாட்டிலைத் திறக்க விடாதே. நாளைக்கு இங்கே ரங்கூன் அவுங் மிங்கலா பஸ் ஸ்டாண்டிலிருந்து போகிற பஸ்ஸில் அம்மாவின் மாங்காய் ஊறுகாயோடு என் வோல்டேஜ் மீட்டரையும் வைத்து அனுப்புகிறேன். எண்ணெய் கசியாமல் இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றியிருக்கிறேன், ஊறுகாய்க்கு இல்லை, மீட்டருக்கு.

அப்பா