கக்கன் மேட்டூர் அணையைக் கட்டவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காமராஜர், பக்தவத்சலம் ஆட்சிகளில் மந்திரியாக இருந்த கக்கனைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒரு திருத்தம். மேட்டூர் அணையும் வைகை அணையும் அவர் கட்டியவை என்று போட்டிருக்கிறீர்கள். மேட்டூர் அணை திறந்தது 1934-ல். கக்கன் பிறந்தது 1908-ல். வெள்ளைக்காரன் ஆட்சியில், மேலூர் பக்கம் தும்பைப்பட்டி கிராமத்து 26 வயது இளைஞர் காவிரிக்குப் போய் எப்படி அணை கட்டுவார்? இந்தத் தப்பு உங்களோடு தொடங்கியதில்லை. நினைவு நாள் மேடைகளில் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்துப் போட்டு, இப்போது பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி வரைக்கும் வந்துவிட்டது.

வைகை அணையிலும் பாதிதான் சரி. அங்கே வேலை தொடங்கியபோது அவர் மதுரை எம்.பி.யாக டெல்லியில் இருந்தார். 1957 ஏப்ரலில், காமராஜரின் எட்டுப் பேர் மந்திரிசபையில், பொதுப்பணித் துறை அவர் கைக்கு வந்தது. 1959 ஜனவரியில் அணையைத் திறந்தார்கள். நடுவில் பொறுப்பேற்று முடித்துக் கொடுத்தார் என்றால் பொருந்தும். அது ஒன்றும் குறைச்சல் இல்லை. அந்தத் துறையில் பணி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாகத் தொடங்கும் வேலையை விட, பாதியில் கைக்கு வரும் வேலைதான் உயிரை எடுக்கும். முந்தைய ஆள் எழுதிவைத்த எம்-புக்குக்கு (செய்த வேலையின் அளவைக் குறிக்கும் பதிவேடு) நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பாய். நான்கு பத்திக் கட்டுரையில் கிட்டத்தட்ட மூன்று பத்தி, மந்திரியாக இருந்தவர் மதுரை ஆஸ்பத்திரியில் தரையில் பாயில் கிடந்ததும், எம்.ஜி.ஆர். வந்து பார்த்ததும்தான். அவர் நினைவு நாளான டிசம்பர் 23 வந்தால் எல்லாப் பத்திரிகையிலும் இதே பாய் விரிக்கப்படுகிறது. படிக்கும்போது தொண்டை அடைக்கத்தான் செய்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பத்து வருஷம் தொடர்ந்து மந்திரியாக இருந்த ஒருவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவர் ஏழையாகச் செத்தார் என்பது மட்டும்தானா? அவர் கையெழுத்துப் போட்ட ஒரு கோப்பைப் பற்றியாவது யாராவது எழுதியிருக்கிறார்களா?

என் அப்பா பெரியாறு கால்வாயில் லஸ்கராக இருந்தவர். மடையைத் திறப்பது, மூடுவது, ராத்திரியில் திருட்டுத்தனமாக ஷட்டரைத் தூக்குகிறவர்களோடு மல்லுக்கட்டுவது, இதுதான் வேலை. ஷட்டர் சாவியைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவார். பெரியாற்றுத் தண்ணீர் 1895-லிருந்தே மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. வந்தாலும் கீழே நிறுத்தி வைக்க இடமில்லை. வைகை அணை வந்த பிறகுதான் 71 அடி வரை தேக்கி, வேண்டிய நேரத்துக்கு விடலாம் என்ற நிலை வந்தது. "அணைக்கு முன்னாடி நான் வானத்தைப் பார்த்தேன், அதுக்கப்புறம் அடிக்கணக்கைப் பார்த்தேன்" என்பார் அப்பா. இன்றைக்கும் எங்கள் ஊர் டீக்கடையில் 66 அடி வந்துவிட்டதா, 69 தொட்டுவிட்டதா என்றுதான் பேச்சு. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம் 45,041 ஏக்கர். மேலூர், திருமங்கலம் பக்கம் ஒருபோகம் 1,05,002 ஏக்கர். நாங்கள் அந்த ஒருபோகக்காரர்கள், அதிலும் கடைமடை. தண்ணீர் கடைசியாகத்தான் எங்களிடம் வரும், குறைந்தால் முதலில் எங்களுக்குத்தான் குறையும். கக்கனும் இந்தப் பக்கத்துக்காரர்தான். கடைமடைக்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தபோது என்னென்ன செய்தார், எதைச் செய்ய முடியாமல் போனது? இதை எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

1962-ல் விவசாயத் துறை, 1963 அக்டோபரில் உள்துறை. லஞ்ச ஒழிப்புத் துறை உருவானது 1964-ல். அப்போது உள்துறை அமைச்சர் கக்கன், முதல்வர் பக்தவத்சலம். வாராவாரம் சோதனை, ரொக்கம் பறிமுதல் என்று செய்தி போடுகிறீர்களே, அந்தத் துறை யார் காலத்தில் பிறந்தது என்று ஒரு வரி சேர்க்கக்கூடாதா? தரையில் கிடந்த கதையை விட அவருக்கு அது பெரிய மரியாதை என்பது என் எண்ணம்.

அதே உள்துறைதான் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போதும் அவரிடம் இருந்தது. ஜனவரி 25-ல் மதுரையில் பற்றிய நெருப்பு மாநிலம் முழுக்கப் பரவி, துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி மூச்சே இல்லை. நல்லவரைப் பற்றி எழுதும்போது எதற்கு என்று விட்டுவிட்டீர்கள் போலும். மதுரையில் படித்துக்கொண்டிருந்த என் பெரியப்பா மகன், கல்லூரியை மூடிவிட்டார்கள் என்று டிரங்குப் பெட்டியோடு ஊருக்கு வந்து இறங்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு அப்போது 12 வயது. திண்ணையில் உட்கார்ந்து அப்பாவோடு விடிய விடியச் சண்டை. "உங்க கக்கன்தானே போலீஸ் மந்திரி?" என்று அவன் கேட்டதற்கு அப்பாவிடம் பதில் இல்லை.

1967-ல் அப்பா கக்கனுக்கு ஓட்டுப் போடவில்லை. மேலூர் தெற்குத் தொகுதியில் தி.மு.க.வின் ஓ.பி.ராமனிடம் அவர் தோற்றார். அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். ரூபாய்க்கு மூன்று படி என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். வீட்டில் பெரியப்பா மகன் வேறு. காமராஜரே விருதுநகரில் தோற்ற தேர்தல் அது. ஆனால் அப்பா அதை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. 1981 டிசம்பரில் ரேடியோவில் மரணச் செய்தி வந்த அன்றைக்குத்தான் அம்மாவிடம் சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன். சொல்லிவிட்டு அன்று ராத்திரி சாப்பிடவில்லை. தப்பாக ஓட்டுப் போட்டேன் என்று அவர் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் அவரைத் தோற்கடித்தது அவர் ஏழை என்பதற்காக இல்லை. அரசாங்கத்தின் மேல் கோபம், அதில் அவர் மந்திரி. அவர் எளிமையானவர் என்பதால் அந்தக் கோபம் பொய்யாகிவிடாது.

1939 ஜூலை 8-ல், தாழ்த்தப்பட்டோருக்கான ஆலயப் பிரவேசத்தில், வைத்தியநாதய்யரோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் கக்கனும் ஒருவர் என்பதை ஒரு வரியாவது எழுதினீர்கள், அதற்கு நன்றி. அரசியல் நிர்ணய சபையில் இருந்ததை விட்டுவிட்டீர்கள். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் தொகுதி தொகுதியாக அச்சில் இருக்கின்றன. மானியக் கோரிக்கையில் எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்டதும் அவர் பதில் சொன்னதும் அதில் இருக்கும். உங்கள் சென்னை அலுவலகத்தில் ஒருவரை ஒரு வாரம் அதற்கென்று உட்கார வைத்தால் போதும்.

தும்பைப்பட்டி மணிமண்டபத்தைப் படம் எடுக்க அவர் பிறந்த நாளான ஜூன் 18-க்கு முந்தின நாள் யாரையாவது அனுப்பத்தான் போகிறீர்கள். அவரை மேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கச் சொல்லுங்கள், நான் வந்து கூட்டிப்போகிறேன். மண்டபத்தைப் பார்த்துவிட்டு அப்பா காவல் இருந்த மடைக்கும் போகலாம். ஜூனில் எங்கள் பக்கம் தண்ணீர் இருக்காது, வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும். தண்ணீரோடு படம் வேண்டுமென்றால் செப்டம்பர் 15-க்கு மேல் வரட்டும். அதுவும் அந்த வருஷம் திறந்தால்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பணி ஆய்வாளர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.